அங்கிள் டாம், ஓரியோ, கோடரிக்காம்பு: கறுப்பின கன்சர்வேடிவ்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கச் செய்திகளைத் தமிழாக்கும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். அங்கே தேர்தல் வந்துவிட்டால் போதும், பக்கத்து மேசையிலிருந்தும் சொந்தக்காரர்களின் போனிலிருந்தும் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லிச் சலித்துவிட்டதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

"பிளாக் கன்சர்வேடிவ்" என்கிறார்களே, அப்படி ஒரு கூட்டம் நிஜமாகவே இருக்கிறதா?

இருக்கிறது. அரசு சின்னதாக இருக்கட்டும், வரி குறையட்டும், குடும்பமும் சர்ச்சும் சொந்தத் தொழிலும்தான் ஒரு சமூகத்தைத் தூக்கி நிறுத்தும், இனம் பார்த்து இடம் ஒதுக்கக் கூடாது என்றெல்லாம் நினைக்கும் அமெரிக்கக் கறுப்பர்கள். உச்ச நீதிமன்ற நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், தென் கரோலினா செனட்டர் டிம் ஸ்காட், வெளியுறவு அமைச்சராக இருந்த காண்டலீசா ரைஸ், பொருளாதார அறிஞர் தாமஸ் சோவல் ஆகியோர் நமக்குப் பழகிய பெயர்கள்.

இவர்கள் எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் இல்லை. சோவல் இருபதுகளில் மார்க்சியராக இருந்தவர். கருக்கலைப்பு விஷயத்தில் ரைஸும் தாமஸும் ஒரே பக்கம் நிற்கவில்லை. ரிபப்ளிகன் அரசில் வெளியுறவு அமைச்சராக இருந்த காலின் பவல் 2008இல் ஒபாமாவை ஆதரித்தார். கருத்துக் கணிப்புகளில் கறுப்பர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் தன்னைக் கன்சர்வேடிவ் என்றே சொல்கிறார். ஆனால் ஓட்டு அந்தக் கணக்கில் விழுவதில்லை. அது கீழே வருகிறது.

கன்சர்வேடிவ் என்றால் பழமைவாதிதானே? அப்படியே எழுத வேண்டியதுதானே?

அகராதிப்படி சரி. ஆனால் தமிழில் "பழமைவாதி" என்று படித்ததும் நம் கண்முன் வருபவர் சாதி ஆசாரம் பார்க்கிறவர், விதவைத் திருமணத்தை எதிர்த்தவர். அடிமைகளின் பேரப்பிள்ளைகளான இவர்களை அந்தச் சொல்லால் அழைத்தால், பழைய அடிமைக் காலத்தையே இவர்கள் திரும்பக் கேட்கிற மாதிரி ஒலிக்கிறது. அதனால் நான் "கன்சர்வேடிவ்" என்றே விட்டுவிடுகிறேன்.

கறுப்பர்கள் எல்லாரும் டெமாக்ரட் கட்சிக்குத்தானே ஓட்டுப் போடுவார்கள்?

இன்று பெரும்பாலும் ஆமாம். 1964க்குப் பிறகு ஒவ்வொரு அதிபர் தேர்தலிலும் பத்தில் எட்டு, ஒன்பது கறுப்பர் ஓட்டு அந்தப் பக்கம்தான். ஆனால் அதற்கு முன்பு ஒரு நீண்ட காலம் கதை தலைகீழ். லிங்கனின் கட்சி ரிபப்ளிகன். 1870இல் மிசிசிப்பியிலிருந்து செனட்டுக்குப் போன முதல் கறுப்பர் ஹைரம் ரெவல்ஸ் ரிபப்ளிகன். 19ஆம் நூற்றாண்டில் காங்கிரசில் உட்கார்ந்த கறுப்பர் ஒருவர் விடாமல் அந்தக் கட்சிதான்.

1930களில் ரூஸ்வெல்ட்டின் நிவாரணத் திட்டங்கள் வந்தபோது காற்று மாறத் தொடங்கியது. அப்படியும் 1960இல் நிக்சனுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கறுப்பர் ஓட்டுக் கிடைத்தது. பேஸ்பாலில் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன் அந்தத் தேர்தலில் நிக்சன் பக்கம். நாலு வருடத்தில் எல்லாம் முறிந்தது. கறுப்பருக்குச் சம உரிமை தந்த சிவில் உரிமைச் சட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போட்ட பேரி கோல்ட்வாட்டரையே 1964இல் ரிபப்ளிகன் கட்சி வேட்பாளராக நிறுத்தியது. சான் பிரான்சிஸ்கோவில் நடந்த அந்த மாநாட்டுக்குப் போன ராபின்சன், ஹிட்லரின் ஜெர்மனியில் ஒரு யூதர் எப்படி உணர்ந்திருப்பார் என்று அங்கே தனக்குத் தெரிந்தது என்று பிறகு எழுதினார். கறுப்பர்கள் ரிபப்ளிகன்களைச் சந்தேகத்தோடு பார்ப்பதற்குக் காரணம் இல்லை என்று யாராவது சொன்னால், இதை எடுத்துக் காட்டுங்கள்.

நாலில் ஒருவர் கன்சர்வேடிவ் என்றால் அந்த ஓட்டெல்லாம் எங்கே போகிறது?

டெமாக்ரட்டுக்கே போகிறது. இஸ்மாயில் வைட், கிரில் லேர்ட் என்ற இரண்டு அரசியல் ஆய்வாளர்கள் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். அடிமை முறை, கறுப்பரைத் தனியே ஒதுக்கி வைத்த சட்டங்கள் என்று வந்த வரலாற்றில் ஒற்றுமையாக நின்றால்தான் பிழைக்க முடியும் என்ற நிலை இருந்தது. சேர்ந்து ஒரே பக்கம் ஓட்டுப் போடுவது ஊர்க்கட்டுப்பாடு மாதிரி ஆகிவிட்டது என்பது அவர்கள் வாதம். கட்டுப்பாட்டை மீறினால் போலீஸ் வராது. ஆனால் சர்ச்சிலும் முடிவெட்டும் கடையிலும் உறவுக்காரர் வீட்டு விருந்திலும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். கேள்வி கேட்கிறவர் கறுப்பராக இருந்தால், பதில் சொல்கிற கறுப்பர் தன்னை டெமாக்ரட் என்று சொல்வது கூடுகிறது என்றும் காட்டினார்கள்.

இந்தக் கட்டுப்பாட்டை இளக்காரமாகப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. சிறுபான்மையாக ஒரு இடத்தில் வாழ்ந்தவர்களுக்கு அதன் அவசியம் புரியும். ஆனால் அதை மீறுகிறவர் மீது விழும் வசை எந்த வடிவத்தில் வருகிறது என்பது வேறு விஷயம்.

"அங்கிள் டாம்" என்றால் என்ன? அங்கிள் என்பது மரியாதைதானே?

இந்தக் குழப்பம் நமக்குத்தான் வரும். பக்கத்து வீட்டுக்காரரையும் பஸ் கண்டக்டரையும் அங்கிள் என்று கூப்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். அமெரிக்கத் தெற்கில் அந்தச் சொல் மரியாதையை மறுப்பதற்காக வந்தது. வயதான கறுப்பரை "மிஸ்டர்" என்று அழைக்க வெள்ளையர்களுக்கு வாய் வராது. ஆணானால் அங்கிள், பெண்ணானால் ஆன்ட். ஆன்ட் ஜெமைமா என்று ஒரு பான்கேக் மாவே, தலைத்துணி கட்டிய பணிப்பெண் படத்தோடு தொடங்கி, நூறு வருடத்துக்கு மேல் விற்றது. 2021இல்தான் பெயரை மாற்றினார்கள்.

"அங்கிள் டாம்" என்ற பெயர் ஹாரியட் பீச்சர் ஸ்டோ 1852இல் எழுதிய நாவலிலிருந்து வந்தது. வெள்ளை முதலாளிக்கு வாலாட்டி, சொந்த இனத்தைக் காட்டிக் கொடுப்பவன் என்று இன்று அதற்குப் பொருள். தமிழில் கோடரிக்காம்பு, எட்டப்பன் என்று சொல்கிறோமே, அதே கடுப்பு. வேடிக்கை என்னவென்றால், நாவலில் டாம் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. தப்பிப் போன இரண்டு அடிமைப் பெண்கள் எங்கே என்று கேட்டு அடிக்கிறார்கள். சொல்ல மறுத்து அடிபட்டே சாகிறார். பிறகு முகத்தில் கரி பூசிய வெள்ளை நடிகர்கள் ஊர் ஊராகப் போட்ட நாடகங்களில்தான் அவர் பல்லிளிக்கும் கிழவனாக ஆக்கப்பட்டார். இன்று வசையில் இருக்கும் ஆள் அந்த நாடகத்து டாம்.

ஒரு முறை எங்களுக்கு வந்த பிரதியில் இதை "டாம் மாமா" என்று மொழிபெயர்த்திருந்தார்கள். தமிழில் மாமா வேலை என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும். அச்சுக்குப் போவதற்குள் பிடித்துவிட்டோம்.

ஓரியோ பிஸ்கட்டுக்கும் அரசியலுக்கும் என்ன சம்பந்தம்?

வெளியே கறுப்பு, உள்ளே வெள்ளை. அவ்வளவுதான். "வீட்டு அடிமை" என்பது இன்னொன்று: வயலில் வெயிலில் வேகாமல் எஜமானன் வீட்டுக்குள் ஊழியம் செய்த அடிமை. 2002இல் பாடகர் ஹாரி பெலஃபோன்டே காலின் பவலைப் பற்றி வானொலியில் பேசும்போது இந்த உவமையைத்தான் எடுத்தார்.

யாரோ நாலு பேர் இணையத்தில் திட்டுவதை ஏன் பெரிதாக்குகிறீர்கள்?

நாலு பேர் என்றால் விட்டுவிடலாம். எமர்ஜ் என்பது கறுப்பர்கள் நடத்திய, நல்ல பெயர் பெற்ற செய்தி இதழ். அது 1993இல் தலையில் கைக்குட்டை முடிந்த பணிப்பெண் கோலத்தில் கிளாரன்ஸ் தாமஸை அட்டையில் போட்டது. 1996இல் இன்னும் ஒரு படி மேலே போனது. வெள்ளையர் வீட்டு வாசல் புல்வெளியில் விளக்கைத் தூக்கிப் பிடித்து நிற்கும் குட்டிக் கறுப்புப் பொம்மை ஒன்று உண்டு. அந்தப் பொம்மையின் உடம்பில் நீதிபதியின் முகம்.

ரைஸுக்கு நடந்தது இதைவிட விசித்திரம். சோவியத் அரசியலில் முனைவர் பட்டம், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் புரோவோஸ்ட் என்ற உயர் நிர்வாகப் பதவி, மேடையில் பியானோ வாசிக்கும் தேர்ச்சி எல்லாம் உள்ளவர். ஈராக் போரில் அவர் பங்கைக் கண்டிக்க எவ்வளவோ இருந்தது. பெயர் பெற்ற வெள்ளைக் கார்ட்டூனிஸ்ட் ஒருவர் அவரைத் தோட்ட அடிமையின் உடைந்த ஆங்கிலம் பேச வைத்தார். இன்னொருவர் தடித்த உதடு கொண்ட கிளியாக வரைந்தார். 2004இல் விஸ்கான்சினில் ஒரு வானொலி அறிவிப்பாளர் அவரை ஆன்ட் ஜெமைமா என்றார். அவரும் வெள்ளையர். கேட்டபோது தன் பேச்சை நியாயப்படுத்தினார். இவர்கள் யாரும் இனவெறிக் கட்சிக்காரர்கள் இல்லை. இனவெறிக்கு எதிரானவர்கள் என்று தங்களை நினைத்துக்கொண்டவர்கள். ரைஸ் பர்மிங்ஹாமில் பிறந்தவர். 1963இல் அங்கே சர்ச்சில் குண்டு வைத்துக் கொல்லப்பட்ட நாலு சிறுமிகளில் ஒருத்தி அவருடைய சிறுவயதுத் தோழி.

கிளாரன்ஸ் தாமஸ் சொந்தமாக யோசிக்கவே மாட்டார், ஸ்காலியாவின் தலையாட்டி பொம்மை என்று படித்தேன். நிஜமா?

இதைத்தான் எனக்கு அதிகம் கேட்கிறார்கள். கதை எப்படி வளர்ந்தது என்று பாருங்கள். 1991இல் 43 வயதில் தாமஸ் உச்ச நீதிமன்றத்துக்கு வருகிறார். ஆன்டனின் ஸ்காலியா அங்கே ஏற்கெனவே பேச்சிலும் எழுத்திலும் சூரர். இருவரும் அடிக்கடி ஒரே பக்கம் ஓட்டளித்தார்கள். போதாக்குறைக்குத் தாமஸ் வாதங்களின்போது வாயே திறக்க மாட்டார். 2006 பிப்ரவரியிலிருந்து 2016 பிப்ரவரி வரை பத்து வருடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. இரண்டையும் கூட்டி, வெள்ளைக்காரர் யோசிக்கிறார், கறுப்பர் கையெழுத்துப் போடுகிறார் என்று ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

அதே நீதிமன்றத்தில் இருந்த நீதிபதி பிளாக்மனின் கோப்புகள் திறந்து விடப்பட்ட பிறகு நிருபர் ஜேன் கிராஃபோர்ட் அவற்றைப் பார்த்து எழுதியது வேறு கதை. முதல் வருடத்தில் வந்த ஃபூஷா வழக்கில் தாமஸ் தனி ஆளாக மறுத்து எழுதத் தொடங்கினார். அதைப் படித்த பிறகு ஸ்காலியா உட்பட மூன்று பேர் பக்கம் மாறினார்கள். எட்டுக்கு ஒன்று என்று இருந்தது ஐந்துக்கு நாலில் முடிந்தது. யார் யாரைப் பின்பற்றினார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

அவர் தீர்ப்புகளைப் படித்தால் அது ஸ்காலியாவின் குரல் இல்லை என்பது உடனே தெரியும். 1995இல் கான்சஸ் சிட்டி பள்ளிகள் வழக்கில், கறுப்பர் அதிகம் இருக்கும் எதுவும் தரம் தாழ்ந்ததாகத்தான் இருக்கும் என்று நீதிமன்றங்கள் இவ்வளவு சுலபமாக நினைப்பது எனக்கு வியப்பு அடங்கவில்லை என்கிற பொருளில் தொடங்குகிறார். கல்லூரியில் மால்கம் எக்ஸ் பேச்சுத் தட்டுகளைக் கேட்டவர், கறுப்பின மாணவர் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். யேல் சட்டப் பட்டம் வாங்கியும், இனத்துக்காக இடம் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்து வேலை தர மறுத்தார்கள் என்பது அவர் மனக்குறை. சுருட்டுப் பொட்டலத்திலிருந்து 15 சென்ட் விலைச்சீட்டை உரித்து, பட்டச் சான்றிதழின் சட்டத்தில் ஒட்டி வைத்ததாகத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். இடஒதுக்கீட்டை அவர் எதிர்ப்பது தவறு என்று நீங்கள் நினைக்கலாம். நானும் பல இடங்களில் அவரோடு உடன்படவில்லை. ஆனால் அந்தக் கோபம் யாரும் எழுதிக் கொடுத்தது இல்லை.

அப்படியென்றால் பத்து வருடம் ஏன் பேசாமல் இருந்தார்?

வக்கீல்களைப் பேச விட வேண்டும் என்பது அவர் எப்போதும் சொன்ன காரணம். ஜார்ஜியா கடற்கரையில் பின் பாயிண்ட் என்ற சிற்றூரில் பிறந்து, கீச்சி என்ற கடற்கரைக் கறுப்பர்களின் பேச்சுவழக்கைப் பேசி வளர்ந்தவர். அதற்காகச் சின்ன வயதில் கேலிக்கு ஆளானதால் கேட்டுக்கொண்டிருக்கும் பழக்கம் வந்தது என்றும் சொல்லியிருக்கிறார். 2020 மே மாதம் கொரோனாவால் விசாரணை போனில் நடந்தது. நீதிபதிகள் வரிசையாகக் கேள்வி கேட்கும் முறை வந்தது. அன்றிலிருந்து அவர் பேசிக்கொண்டேதான் இருக்கிறார்.

அனிதா ஹில் விஷயத்தில் "லின்ச்சிங்" என்று இனத்தைக் கேடயமாகத் தூக்கியது அவர்தானே?

ஆமாம், இந்தக் கேள்வி நியாயமானது. 1991 அக்டோபரில் சட்டப் பேராசிரியை அனிதா ஹில், தாமஸிடம் வேலை பார்த்தபோது அவர் ஆபாசமாகப் பேசித் தொந்தரவு கொடுத்ததாக செனட் குழு முன் சாட்சி சொன்னார். குழுவில் 14 பேர், அத்தனை பேரும் வெள்ளை ஆண்கள், தலைவர் ஜோ பைடன். தாமஸ் மறுத்தார். பழைய ஒழுங்குக்குத் தலைவணங்காத கறுப்பர்களுக்கு நடத்தும் "உயர் தொழில்நுட்ப லின்ச்சிங்" இது என்றார். லின்ச்சிங் என்றால் கும்பல் கூடிக் கறுப்பரை அடித்து மரத்தில் தொங்கவிடுவது. குழு வாயடைத்துப் போனது. 52க்கு 48 என்று அவர் தேர்வானார்.

புகார் சொன்னவரும் கறுப்பர் என்பது அந்த ஒரு சொல்லில் மறைந்துபோனது. அப்போதைய கருத்துக் கணிப்புகளில் கறுப்பர்களில் பெரும்பாலோர் தாமஸ் பக்கம் நின்றார்கள். அடுத்த வருடம் ஒரு வலதுசாரி இதழில் டேவிட் பிராக் என்ற எழுத்தாளர் ஹில்லைப் பைத்தியம், ஒழுக்கமில்லாதவர் என்கிற தொனியில் எழுதினார். பிறகு அவரே அதற்கு வருந்தினார். கறுப்பினப் பெண் என்றால் ஒழுக்கக்கேடு என்பது அடிமைக் காலத்துப் பழைய முத்திரை. அதை அன்று கையில் எடுத்தது கன்சர்வேடிவ் தரப்பு. முத்திரை குத்துவது எந்தக் கட்சிக்கும் தனிச்சொத்து இல்லை.

கறுப்பரே கறுப்பரைச் சொன்னால் அது வீட்டுக்குள் சண்டை. நமக்கென்ன?

பாதி ஒத்துக்கொள்கிறேன். பெலஃபோன்டே கறுப்பரின் சிவில் உரிமைப் போராட்டத்தில் கைக்காசும் உழைப்பும் கொடுத்தவர். அவர் வாயிலிருந்து வரும் சொல்லும், மேலே சொன்ன வெள்ளை வானொலிக்காரர் வாயிலிருந்து வரும் சொல்லும் ஒரே எடை இல்லை.

ஆனால் சொல்லின் உள்ளே இருக்கும் கருத்து யார் சொன்னாலும் மாறுவதில்லை. 2021இல் வர்ஜீனியாவில் துணை ஆளுநராகத் தேர்வான வின்சம் சியர்ஸ் ஜமைக்காவில் பிறந்தவர், கடற்படைக் காலாட்படையில் இருந்தவர். அவரைப் பற்றித் தொலைக்காட்சியில் பேசிய பேராசிரியர் மைக்கேல் எரிக் டைசன், அசைவது கறுப்பு வாய், ஓடுவது வெள்ளைக் கருத்து என்கிற பொருளில் சொன்னார். டைசனும் கறுப்பர். குறைந்த வரியும் துப்பாக்கி உரிமையும் "வெள்ளைக் கருத்து" என்றால், கருத்துக்கு நிறம் உண்டு என்று ஆகிவிடுகிறதே? பழைய இனவெறியர்களும் அதைத்தானே சொன்னார்கள்?

டிம் ஸ்காட் "அமெரிக்கா இனவெறி நாடு இல்லை" என்றாரே. அது பொய்தானே? திட்டினால் என்ன தப்பு?

2021 ஏப்ரல் 28, பைடன் உரைக்கு எதிர்க்கட்சிப் பதில். காரணமே இல்லாமல் போலீஸ் வண்டியை நிறுத்துவதும் கடையில் பின்னாலேயே வருவதும் எப்படி இருக்கும் என்று தனக்குத் தெரியும் என்று அதே உரையில் சொன்னார். முற்போக்காளர்களே தன்னை அங்கிள் டாம் என்று அழைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். சில மணி நேரத்தில் ட்விட்டரில் "அங்கிள் டிம்" என்பது டிரெண்டிங். நிறுவனமே அதைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டி வந்தது.

மறுநாள் காலை கமலா ஹாரிஸிடம் தொலைக்காட்சியில் இதைக் கேட்டார்கள். அமெரிக்கா இனவெறி நாடு என்று நான் நினைக்கவில்லை என்றார் அவரும். இனவெறியின் வரலாற்றையும் அது இன்றும் இருப்பதையும் பேச வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார். வாக்கியம் ஏறக்குறைய அதேதான். சென்னையில் பிறந்த அம்மாவின் மகளுக்கு அன்று யாரும் பட்டப்பெயர் சூட்டவில்லை.

இவர்கள் எல்லாம் இனவெறியே இல்லை என்று மறுக்கிறவர்கள். தங்களுக்கு நடந்தால் மட்டும் ஏன் புலம்ப வேண்டும்?

மறுக்கிறார்களா என்று முதலில் பார்ப்போம். 2016 ஜூலையில் இதே ஸ்காட் செனட்டில் எழுந்து, ஒரே வருடத்தில் ஏழு முறை போலீஸ் தன்னை நிறுத்தியதைச் சொன்னார். செனட் கட்டடத்திலேயே ஒரு காவலர் அவர் சட்டையில் இருந்த உறுப்பினர் பின்னைப் பார்த்துவிட்டு, "பின் எனக்குத் தெரியும், உங்களைத் தெரியாது, அடையாள அட்டையைக் காட்டுங்கள்" என்றாராம். தாமஸ் 2003இல் சிலுவை எரிப்பு வழக்கில், அது கருத்துச் சுதந்திரம் இல்லை, கறுப்பரை நடுங்க வைக்கும் மிரட்டல் என்று தனியாக மறுத்து எழுதினார்.

இனவெறி உண்டு, அதற்கு மருந்து அரசிடம் இல்லை என்பது இவர்களில் பலருடைய நிலை. இனவெறியே இல்லை என்கிறவர்களும் இவர்களில் உண்டு, குறிப்பாக யூடியூப்பில் பிழைப்பு நடத்துகிறவர்கள். இரண்டு தரப்பையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம்.

அப்போ இவர்களை விமர்சிக்கவே கூடாதா?

தாராளமாக விமர்சிக்கலாம், கடுமையாகவே. 1992இல் சிறைக்காவலர்கள் ஒரு கைதியை அடித்த வழக்கில் தாமஸ் எழுதிய மறுப்பைப் படித்துவிட்டு நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் எழுதியது. தலைப்பு: மிக இளைய, மிகக் கொடூரமான நீதிபதி. சுடுகிற தலைப்புதான். ஆனால் அதில் நிறம் இல்லை, அவர் எழுதியதைத்தான் பிடித்தார்கள். பணக்கார நண்பர் செலவில் போன பயணங்களைக் கணக்கில் காட்டவில்லை என்று 2023இல் வந்த செய்திகளும் அப்படித்தான்.

நான் பயன்படுத்தும் சோதனை சாதாரணமானது. அதே கருத்தைச் சொன்ன வெள்ளையர் பெயரை அந்த வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள். அப்போதும் வாக்கியம் நின்றால் அது விமர்சனம். "கொடூர நீதிபதி" நிற்கும். "புல்வெளிப் பொம்மை" நிற்காது.

லாரி எல்டர் மேல் முட்டை வீசினார்களே, அதுவும் இந்தக் கணக்கில் வருமா?

2021இல் கலிஃபோர்னியா ஆளுநரைத் திரும்ப அழைக்கும் தேர்தல். கறுப்பின வானொலிப் பேச்சாளரான எல்டர் முன்னணி ரிபப்ளிகன் வேட்பாளர். லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸில் ஒரு கறுப்பினப் பத்தியாளர் அவரை "வெள்ளை மேலாதிக்கத்தின் கறுப்பு முகம்" என்று எழுதினார். செப்டம்பர் 8 அன்று வெனிஸ் பகுதியில் அவர் நடந்து போனபோது கொரில்லா முகமூடி போட்ட ஒரு பெண் முட்டையை எறிந்தார். அரசியல்வாதி மேல் முட்டை எறிவது ஊர் வழக்கம். ஆனால் கறுப்பர் முன்னால் குரங்கு முகமூடி என்றால் அமெரிக்காவில் அதற்கு ஒரே ஒரு பொருள்தான். எல்டர் டெமாக்ரட்டாக இருந்திருந்தால் செய்தி எவ்வளவு நாள் ஓடியிருக்கும் என்று அவர் ஆதரவாளர்கள் கேட்டார்கள். எனக்கும் அதற்குப் பதில் இல்லை.

ரிபப்ளிகன் கட்சி இவர்களைக் காட்சிப் பொருளாகத்தானே வைத்திருக்கிறது?

பல நேரம் ஆமாம். 2016 ஜூனில் கலிஃபோர்னியாவின் ரெட்டிங் நகரில் டிரம்ப் கூட்டத்தில் ஒருவரைக் காட்டி "என் ஆஃப்ரிக்க அமெரிக்கரைப் பாருங்கள்" என்றார். அந்த "என்" போதும். 2024 தேர்தலுக்குப் பிறகு கீழவையில் கறுப்பின ரிபப்ளிகன்கள் நாலே பேர், டெமாக்ரட் பக்கம் ஐம்பதுக்கும் மேல். கொலு பொம்மை மாதிரி முன்வரிசையில் நிறுத்துகிறார்கள் என்ற சந்தேகம் வானத்திலிருந்து விழவில்லை.

இதற்கு மேல் ஒன்று உண்டு. "டெமாக்ரட் தோட்டத்திலிருந்து தப்பி வாருங்கள்" என்று கன்சர்வேடிவ் மேடைகளில் அடிக்கடி கேட்கும். தோட்டம் என்றால் அடிமைகள் உழைத்த பருத்தித் தோட்டம். 2011இல் ரிபப்ளிகன் அதிபர் வேட்பாளராக முயன்ற கறுப்பர் ஹெர்மன் கெய்ன், கறுப்பர்கள் மூளைச்சலவை செய்யப்பட்டிருக்கிறார்கள் என்றார். டைசன் சொன்னதன் மறுபக்கம் இது. அங்கே ஒரு கறுப்பருக்குச் சொந்த மூளை இல்லை, இங்கே பத்தில் ஒன்பது கறுப்பர்களுக்கு இல்லை.

பைடன் "நீ கறுப்பனே இல்லை" என்றாராமே?

2020 மே 22, ஒரு வானொலி நேர்காணல். எனக்கா டிரம்புக்கா என்று உங்களுக்கு முடிவு செய்யத் தெரியவில்லை என்றால் நீங்கள் கறுப்பரே இல்லை என்றார். அன்றே வருத்தமும் தெரிவித்தார். 2024 ஜூலையில் சிகாகோவில் கறுப்பினப் பத்திரிகையாளர்கள் முன் டிரம்ப், கமலா ஹாரிஸ் திடீரென்று கறுப்பராகிவிட்டார் என்றார். நல்ல கறுப்பர் யார் என்று சான்றிதழ் கொடுக்கும் வேலையை இரண்டு வயதான வெள்ளையர்கள் எடுத்துக்கொண்டார்கள். வருத்தம் தெரிவித்தது ஒருவர்தான்.

இது அமெரிக்காவில் மட்டும்தானா?

பிரிட்டனிலும் உண்டு. 2022 செப்டம்பரில் நிதியமைச்சராக இருந்த குவாசி குவார்டெங்கைத் தொழிற்கட்சி எம்.பி. ரூபா ஹக் "மேலோட்டமாகத்தான் கறுப்பர்" என்றார். வானொலியில் குரலை மட்டும் கேட்டால் கறுப்பர் என்றே தெரியாதாம். ரூபாவின் பெற்றோர் வங்காளதேசத்திலிருந்து வந்தவர்கள். கட்சி அவரை இடைநீக்கம் செய்தது, மன்னிப்புக் கேட்டார், சில மாதம் கழித்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

அங்கே தேங்காய்க்காக ஒரு வழக்கு நடந்ததாமே, நிஜமா?

நிஜம்தான். ஓரியோவுக்கு நம்மவர் வகை தேங்காய்: வெளியே பழுப்பு, உள்ளே வெள்ளை. 2023இல் லண்டனில் பாலஸ்தீன ஆதரவு ஊர்வலத்தில் ஒரு ஆசிரியை, தென்னை மரத்தடியில் தேங்காய்களோடு அப்போதைய பிரதமர் ரிஷி சுனக், உள்துறை அமைச்சர் சுவெல்லா பிரேவர்மன் முகங்களை வைத்துப் பதாகை பிடித்தார். பிரேவர்மனின் அம்மா மொரீஷியஸ் தமிழ்க் குடும்பம். போலீஸ் வழக்குப் போட்டது. இது அரசியல் நையாண்டி, குற்றம் என்று நிரூபிக்கப்படவில்லை என்று 2024 செப்டம்பரில் வெஸ்ட்மின்ஸ்டர் நீதிமன்றம் ஆசிரியையை விடுவித்தது.

ஆனால் 2010இல் பிரிஸ்டலில் நடந்தது வேறு. நகரசபை விவாதத்தில் ஆசிய வம்சாவளி உறுப்பினரைத் தேங்காய் என்று சொன்ன ஒரு கறுப்பினப் பெண் உறுப்பினரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து, நிபந்தனையோடு விட்டார்கள். பதாகை சரி, சபையில் நேருக்கு நேர் சொன்னது தப்பு என்று பிரித்துப் பார்க்கலாமா என்று என் அலுவலகத்திலேயே ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை போட்டோம். எனக்கு இரண்டிலுமே சிறைக்கும் கோர்ட்டுக்கும் வேலை இருப்பதாகத் தோன்றவில்லை. பக்கத்து மேசை நண்பர், "உன் பையனைப் பள்ளிக்கூடத்தில் அப்படிக் கூப்பிட்டால் தெரியும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.